ராசாவுக்கு மூன்று, ஜாக்குக்கு முப்பது

மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்பதை எனக்கு முறைப்படி படிப்பித்தது 2018ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை. காலை 9 மணியிலிருந்து பகல் 12.30 வரை. இடையில் தேநீருக்குப் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடமும் நான் மகிழ்ச்சியாகவே இருந்தேன்.

அப்போது புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். பருப்பு, வெங்காயம், மல்லி, செத்தல் மிளகாய். பெரிய முதலாளி தன் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு வந்த மகனை முன்னுக்கு விட்டிருந்த நேரம். சின்ன முதலாளி தங்கமான பிள்ளை. அவருக்கு ஒரே ஒரு மனக்குறை: கடையில் வேலை செய்கிற பதினொரு பேரும் சந்தோசமாக இல்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், எங்கள் முகங்களைப் பார்த்தாராம். புறக்கோட்டையில் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விலை சொல்லும்போது நாங்கள் சிரித்தால், வாங்க வந்தவன் இன்னும் இடமிருக்கிறது என்று கிலோவுக்கு இரண்டு ரூபா குறைத்துக் கேட்பான். முப்பது வருடம் அப்படிக் காத்துவந்த முகத்தை அரை நாளில் மலரவைக்க ஆள் பிடித்திருந்தார்.

ஒரு ஹோட்டல் மண்டபம். குளிரில் நடுங்கினோம். ஆளுக்கொரு பலூன் தந்தார்கள். கன்னத்தோடு ஒட்டிய மைக்கோடு வந்த பயிற்றுநர், உங்கள் கவலை எதுவோ அதைப் பலூனில் எழுதி, ஊதி, ஊசியால் குத்துங்கள், கவலை வெடித்துப் போய்விடும் என்றார். நான் ‘பெறுமதிசேர் வரி’ என்று எழுதினேன். பலூன் வெடித்தது. வரி இன்றைக்கும் இருக்கிறது.

பக்கத்துக் கதிரையில் இருந்த பதுளை அண்ணன் என் காதுக்குள் கேட்டார்: “ஐயா, இத ஒடச்சா சம்பளத்துல புடிப்பாங்களா?”

அவர் உடைக்கவில்லை. எழுதவும் இல்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் பார்த்தால், அவருடைய கைவண்டியின் முன்கம்பில் அந்த மஞ்சள் பலூன் ஆடிக்கொண்டிருந்தது. “வழி விடுங்கன்னு தொண்ட கிழியக் கத்த வேணாங்க. பலூனப் பாத்தா சனம் தானா வெலகுது.” அந்தப் பட்டறைக்குச் செலவழித்த காசில் வீண்போகாத பகுதி அது ஒன்றுதான்.

பதுளை அண்ணன் எங்கள் தெருவில் நாட்டாமை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எழுந்து நிற்கவேண்டாம். அங்கே நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் சொம்போடு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர். 1994இல் சரத்குமார் அதே பெயரில் ஒரு படமே நடித்தார். எங்கள் புறக்கோட்டையில் நாட்டாமை என்றால் மூடை சுமப்பவர். சிங்களத்திலும் நாட்டாமிதான். சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவரை ஒருமுறை கடைத்தெருவுக்குக் கூட்டிவந்தேன். பின்னாலிருந்து “நாட்டாமை வாறார், ஒதுங்குங்க” என்று யாரோ கத்த, மனிசன் மரியாதையாகக் கைகட்டி ஒதுங்கி நின்றார். எட்டு மூடை வெங்காயம் அவரைத் தாண்டிப் போனது.

எனக்கும் பதுளை அண்ணனுக்கும் இடையில் ஒரு விளையாட்டு இருந்தது. அதை விளையாட்டு என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

செத்தல் மிளகாய் மூடை, சீனி மூடை போன்றதல்ல. சீனி மூடை 50 கிலோ என்றால் 50 கிலோ. அதில் கதையே இல்லை. மிளகாய் ஈரம் குடிக்கும், காய்ந்தால் இளைக்கும். கப்பலால் இறங்கும்போது ஒரு நிறை, களஞ்சியத்தில் இரண்டு மாதம் கிடந்தபின் ஒரு நிறை. ஆகவே ஒவ்வொரு மூடையையும் தராசில் போட்டுத்தான் எழுதவேண்டும். லொறியிலிருந்து முதுகுக்கு இறங்கிய மூடை, முதுகிலிருந்து தராசுக்குப் போக இருபது அடி. அந்த இருபது அடிதான் எங்கள் மைதானம்.

தராசு முள் அசைவதற்கு முன் இருவரும் நிறையைச் சொல்லிவிட வேண்டும். கிட்டச் சொன்னவருக்கு ஒரு புள்ளி. பொழுதுபடும்போது புள்ளி குறைந்தவர் இஞ்சி போட்ட பிளேன்டீ வாங்கிக்கொடுக்க வேண்டும். அவருக்கு அவருடைய முதுகு சாட்சி. எனக்கு மேசையிலிருந்து பார்க்கிற கண் மட்டும். முதல் சில மாதங்கள் என் காசு முழுக்கத் தேத்தண்ணிக் கடைக்கே போனது. பிறகுதான் மூடையைப் பார்ப்பதை விட்டு ஆளைப் பார்க்கப் பழகினேன். 35 கிலோவுக்கு மேலே போனால் அவருடைய இடது குதிக்கால் நிலத்தில் ஒரு கணம் கூடத் தங்கும். 40ஐத் தாண்டினால் கழுத்தில் கிடக்கிற துவாயின் நுனியைப் பல்லால் கவ்விக்கொள்வார். இதைக் கண்டுபிடித்த பிறகு நான் ஏறத் தொடங்கினேன். அவரும் ஏதோ மணந்து பிடித்துவிட்டார். ஒருநாள் துவாயைக் கடித்துக்கொண்டு, குதிக்காலை ஊன்றி ஊன்றி, மூச்சு வாங்க வாங்க ஒரு மூடையோடு வந்தார். “நாற்பத்தொன்று” என்றேன். “இருவத்தெட்டு” என்றார் அவர். தராசு இருபத்தெட்டரையில் நின்றது. அன்றைக்கு அவர் தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை முதலாளி கல்லாவைப் பூட்டிவிட்டு என்னவென்று பார்க்க வந்தார்.

காலையில் தொடங்கி, பசிக்கிறதே, மத்தியானம் ஆகியிருக்கும் போல என்று நிமிர்ந்து பார்த்தால் நாலரை மணியாகியிருக்கும். இப்படி எத்தனையோ நாள்.

நாள்தோறும் யார் வென்றார் என்பதைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுவைப்பேன். ஐந்தைந்தாக, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு. இந்தக் கடையில் நான் 1987இல் சேர்ந்தேன். 83 ஜூலைக்கு முந்திய பேரேடுகள் எல்லாம் கடையோடு எரிந்துபோனதால், அலுமாரியில் இருக்கிற கணக்கு பெரும்பாலும் என்னுடைய கையெழுத்து. அந்தக் கையெழுத்தில்தான் 2011இல் எனக்குக் கண்டம் வந்தது.

அந்த வருடம் கணக்காய்வுக்கு வந்தவர் இளந்தாரி. புதுச் சப்பாத்து. பத்து மணிக்கு வந்தவர், எந்தப் பேரேட்டையும் முன்பக்கத்திலிருந்து பார்க்கக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, நேரே கடைசிப் பக்கத்தைத் திறந்தார். ‘ப. 412, நா. 397’ என்றிருந்தது. மேலே மூன்று வருடக் கோடுகள்.

“ப. எண்டது யார்?”

“பதுளை.”

“பதுளையில ஒரு கிளை இருக்கா?”

“இல்லை, அது ஒரு ஆள்.”

“பங்காளியா?”

“நாட்டாமை.”

அவர் பேனையை மூடி வைத்தார். “இந்த 412 என்ன? ஆயிரமா, லட்சமா?”

“பிளேன்டீ” என்றேன்.

அது குறிச்சொல் என்று அவர் முடிவெடுத்துவிட்டது முகத்தில் தெரிந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கோடுகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். ஒருமுறை எண்ணினார். தாளில் குறித்தார். திரும்ப எண்ணினார். மாதவாரியாகப் பிரித்தார். எந்தக் கிழமையில் பதுளை அதிகம் வெல்கிறது என்று தனியாக ஒரு அட்டவணை போட்டார். சனிக்கிழமைகளில் நான் படுமோசமாம். அது எனக்கே புதுச் செய்தி. மேசை ஓரத்தில் அவருடைய சோற்றுப் பார்சல் கிடந்தது. அதன் மேல் ஒரு இலையான் நிம்மதியாக உலாவிக்கொண்டிருந்தது. பெரிய முதலாளி இரண்டு தரம் வந்து “சாப்பிடேல்லையோ தம்பி” என்று கேட்டார். தம்பிக்குக் கேட்கவேயில்லை.

மூன்று மணிக்குப் பிறகு தலையைத் தூக்கினார். விடியக்காலையில் கோயிலுக்குப் போய்வந்த முகம். மெதுவாகச் சொன்னார்: “ஐயா, உங்கட கூட்டலில பிழை. நீங்கள் 397 இல்லை. 398.”

இருபத்து நாலு வருடம் கணக்கெழுதியவனுக்கு வேறென்ன அவமானம் வேண்டும்? பதுளை அண்ணன் அந்த ஒரு புள்ளியை ஒத்துக்கொள்ளவும் இல்லை. “வருசம் மூடின கணக்குங்க. தொறக்க ஏலாது.” கடைக் கணக்கில் வேறு பிழை எதையும் அந்தத் தம்பி கண்டுபிடிக்கவில்லை. தேடினாரா என்பதும் எனக்குத் தெரியாது.

பிறகொரு காலத்தில், டி. ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரத்துப் பழைய புத்தகக் கடையொன்றில், இதே சமாசாரத்தை ஒருவர் ஆராய்ச்சி செய்து எழுதிய புத்தகம் கையில் தட்டுப்பட்டது. 1934இல் பியூமே என்ற துறைமுக ஊரில் பிறந்த ஹங்கேரியர். அந்த ஊர் இப்போது குரோஷியாவில் இருக்கிறது. மனிதரின் பெயர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய். இந்தப் பெயரைத் தமிழில் பிழையில்லாமல் எழுதி முடிக்கும்வரை எனக்கு வேறு நினைப்பே வரவில்லை. நேரம் போனதும் தெரியவில்லை. அவர் சொல்லவந்த நிலையும் அதுதானாம். செய்யவேண்டியது என்னவென்று தெளிவாகத் தெரியவேண்டும், செய்தது சரியா பிழையா என்று உடனே தெரியவேண்டும், வேலை நம் கைத்திறனுக்குக் கொஞ்சம் மேலே இருக்கவேண்டும். அப்போது மனிதன் தன்னை மறந்து அதற்குள் இறங்கிவிடுகிறான். நீரோட்டம் என்ற பொருளில் ‘ஃப்ளோ’ என்று அதற்குப் பெயர் வைத்து 1990இல் புத்தகம் போட்டார். தராசு முள்ளும் துவாய் நுனியும் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் புத்தகம் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

அவருடைய ஆராய்ச்சி ஒன்று எனக்கு நன்றாகப் பிடித்தது. வேலைக்குப் போகிறவர்களிடம் பேஜரைக் கொடுத்து, நினையாத நேரத்தில் அதைக் கத்தவைத்து, இந்தக் கணத்தில் என்ன செய்கிறீர்கள், மனநிலை எப்படி என்று எழுதச் சொன்னார். 1989இல் வந்த முடிவு விசித்திரமானது. இந்த மூழ்கிப்போகிற நிலை ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் கூட வந்திருந்தது. ஆனால் அதே ஆட்கள், வேலை நேரத்தில் பேஜர் கத்தும்போதுதான், இப்போது வேறெதையாவது செய்துகொண்டிருந்தால் நல்லது என்று அதிகமாக எழுதிவைத்தார்கள். சந்தோசம் வந்து பக்கத்தில் குந்தியிருக்கிறது, ஆள் லீவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறான். பதுளை அண்ணனின் இடுப்பில் ஒரு பேஜரைக் கட்டி, 40 கிலோவோடு அவர் பலகையில் ஏறும்போது அது கத்தியிருந்தால் அவர் எழுதியிருக்கக்கூடியதை அச்சிட முடியாது.

இதைப் படித்தபிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. யார் யார் இரகசியமாக விளையாடுகிறார்கள் என்று வேவு பார்ப்பது. வெள்ளவத்தையில் 101இல் ஏறினால் அங்கேயே தொடங்கிவிடும். “கொட்டுவ, பிட்டகொட்டுவ” என்று கொண்டக்டர் ஒரே மூச்சில் இழுக்கிற இழுப்பில், காலி வீதி நெடுக ஒவ்வொரு தரிப்பிலும் ஒரு சங்கதி கூடும். கொட்டுவ என்றால் கோட்டை, பிட்டகொட்டுவ என்றால் கோட்டைக்குப் புறத்தே. தமிழிலும் அதே பொருள்தான். வெள்ளைக்காரன் மட்டும் பேட்டை என்ற நம்முடைய சொல்லைக் கொண்டுபோய்ப் பெட்டா ஆக்கிவிட்டான்.

இறங்கி நடந்தால் நடைபாதைச் சட்டைக் கடைகள். நெடுங்காலமாக அந்தப் பொடியன்களின் பாட்டு “சீயாய், சீயாய், சீயாய்.” எதை எடுத்தாலும் நூறு ரூபா என்று அர்த்தம். நேர் நேர் தேமா, கைதட்டத் தோதானது. 2022இல் ரூபா விழுந்ததோடு நூறு முந்நூறாகி, “துன்சீயாய்” என்று கத்தவேண்டி வந்தது. தேமா, தேமாங்காய் ஆகிவிட்டது. தட்டினால் தாளம் இடித்தது. இரண்டு கிழமை தெருவே தடுமாறியது. பிறகு ஒரு பொடியன், ‘துன்’னை மூக்குக்குள் வைத்துக்கொண்டு ‘சீயாயை’ மட்டும் உரத்துச் சொல்லக் கண்டுபிடித்தான். தாளம் பிழைத்தது. வியாபாரமும் பிழைத்தது, ஏனென்றால் கேட்டவர்கள் நூறு ரூபா என்று நினைத்துக் கிட்ட வந்தார்கள்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1908இல் தொடங்கி அடுத்த வருடம் கட்டி முடித்தது. வரைபடம் போட்ட ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை முறையாகக் கட்டடக்கலை படித்தவரல்ல என்று சொல்வார்கள். பார்த்தால் நம்பலாம். படித்தவராக இருந்தால் சிவப்பும் வெள்ளையுமாக இங்கே கோடு, அங்கே கட்டம், தூணில் சுருள், மேலே மாதுளம்பழம் மாதிரிக் கும்மட்டங்கள் என்று இத்தனையையும் ஒரே கட்டடத்தில் வைக்கத் துணிந்திருக்க மாட்டார். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சுவரில் ஒரு ஆள் விளையாடிக்கொண்டிருப்பது தெரிகிறது.

இரவில் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் கொத்துரொட்டி. ஒரு ரொட்டியைத் துண்டாக்க அத்தனை அடி தேவையில்லை. பாதிச் சத்தம் கொத்துக்கு, மீதிச் சத்தம் அவருக்கு. கோழிக்கொத்துக்கு ஒரு தாளம், மரக்கறிக் கொத்துக்கு ஒரு தாளம் வைத்திருந்த ஒருவரைத் தெரியும். மரக்கறி என்று சொன்னால் கொஞ்சம் சோகமாகத்தான் அடிப்பார்.

சரி, கடைக்கு வருகிறேன். பலூன் பட்டறையால் பலன் வராததில் சின்ன முதலாளி மனம் சோர்ந்திருந்த நேரத்தில், எங்கள் நிறை விளையாட்டு அவர் காதுக்கு எட்டிவிட்டது. துள்ளிக் குதித்தார். இதைத்தானே நான் தேடினேன் என்றார். அடுத்த திங்கட்கிழமை சுவரில் வெள்ளைப்பலகை ஏறியது. எல்லோர் பெயரும், நாளுக்கு நாள் புள்ளி, மாத முடிவில் வென்றவருக்கு 2,000 ரூபாவும் சட்டமிட்ட படமும்.

இரண்டு மாதம். அதற்குள் விளையாட்டுச் செத்துவிட்டது. பதுளை அண்ணன் தராசு பிழை என்று சண்டை பிடித்தார். களஞ்சியத்துப் பொடியன் ஒருவன் முதல்நாள் இரவே மூடைகளைத் தராசில் போட்டுப் பார்த்துச் சாக்கில் சின்னதாகப் புள்ளி குத்தி வைத்திருந்ததைக் கண்டுபிடித்தோம். நானும் உத்தமனல்ல, எனக்குத் தோதான மூடைகளை முதலில் இறக்கச் சொன்னேன். மூன்றாம் மாதம் யாரும் நிறை சொல்ல முன்வராததால் பரிசு காவலாளிக்குப் போனது. அவர் வாழ்நாளில் ஒரு மூடையைத் தொட்டவரல்ல. படத்தில் நன்றாக இருந்தார்.

சின்ன முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் மார்க் லெப்பர் என்பவரும் இன்னும் இரண்டு பேரும் 1973இல் வெளியிட்ட ஆய்வை அவருடைய வகுப்பில் படிப்பித்திருந்தால் தப்பியிருப்பார். பாலர் பள்ளியில், தாங்களாகவே ஆசையாகப் படம் கீறுகிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கீறினால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று ஒரு பகுதியினருக்கு மட்டும் சொன்னார்கள். கொடுத்தும் விட்டார்கள். ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு பார்த்தால், சான்றிதழுக்காகக் கீறிய பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிடப் பாதி நேரம்தான் நிறப்பேனையைத் தொட்டார்கள். பதுளை அண்ணனுக்கு இதைச் சொன்னேன். “ஆமாங்க. காசு குடுத்தா அதுவும் வேலயாயிருமில்ல” என்றார். அவருக்கு ஆய்வு தேவைப்படவில்லை.

இந்த விசயத்தில் எங்கள் மரபு தெளிவாகத்தான் இருக்கிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய சிவனுடைய கதைகள் 64; அத்தனைக்கும் திருவிளையாடல் என்றுதான் பெயர். அதில் 61ஆவது, மண் சுமந்தது. வையைக் கரையை அடைக்க வீட்டுக்கொரு ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் கட்டளை. ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவன் கூலியாளாக வருகிறார். கூலி, உதிர்ந்த பிட்டு. பிட்டைத் தின்றுவிட்டு மண்ணைக் கொஞ்சம் சுமக்கிறார், கொட்டுகிறார், ஆடுகிறார், பாடுகிறார், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார். மேற்பார்வை பார்க்க வந்த ராசா பிரம்பால் ஒன்று வைக்கிறான். அந்த அடி ராசா உட்பட உலகத்தில் எல்லோர் முதுகிலும் விழுந்தது. நாட்டாமைமாருக்கு இது குலக்கதை மாதிரி. “நம்ம ஆளுதாங்க அவரு” என்பார் பதுளை அண்ணன். “ஆனா அவருக்கு மொழங்கால் வலிச்சிருக்காது.”

அதையும் சொல்லத்தான் வேண்டும். விளையாடினால் சுமை லேசாகும் என்று யாராவது எழுதியிருந்தால் நம்பவேண்டாம். 40 கிலோ 40 கிலோதான். இஞ்சி பிளேன்டீயால் முழங்கால் தேய்மானம் நிற்காது. நாங்கள் விளையாடியதைக் காட்டி அவருடைய கூலியைக் கூட்டாமல் விட்டவர்களும் அந்தத் தெருவில் உண்டு. விளையாட்டு அவருடையது, அதைச் சம்பளத்தில் கழிக்க ஒருவருக்கும் உரிமையில்லை.

வெள்ளைப்பலகை கழன்ற பிறகு, மத்தியானச் சாப்பாடு முடிந்து களஞ்சியத்துக்குள் மல்லி மூடைகளுக்கு நடுவில் நாங்கள் 304 விளையாடத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சீட்டைச் சொல்லித் தரத் தேவையில்லை. நானும் கூட்டல் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, மாமன்மாரின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான். ஒரு ஜாதிச் சீட்டில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76. நாலு ஜாதிக்கும் 304.

ஒருநாள் நாலாவது கை லீவு. என்ன செய்வதென்று முழிசிக்கொண்டிருந்தபோது சின்ன முதலாளி உள்ளே வந்துவிட்டார். சீட்டை மறைக்க நேரமில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு ஒரு மல்லி மூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். சீட்டைப் பார்த்து, “ராசாவுக்கு மூண்டுதானா? வேலைக்காரனுக்கு முப்பதா?” என்று கேட்டார். “தூக்குறவனுக்குத்தானுங்க கூட” என்றார் பதுளை அண்ணன், தன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். கால்மணித்தியாலத்தில் முதலாளியின் கைத்தொலைபேசி சட்டைப் பைக்குள் மூன்று தரம் அடித்தது. மூன்று தரமும் அவருக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் துரும்பைப் பிழையாகக் கேட்டு எங்களைத் தோற்கடித்தார், அது வேறு கதை.

2023இல் நான் வேலையை விட்டு நின்றேன். பதுளை அண்ணன் அதற்கு ஒரு வருடம் முந்தியே ஊருக்குப் போய்விட்டார். இனி ஓய்வாகச் சந்தோசமாக இருங்கள் என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கற்களில் போய் இருந்து சந்தோசமாக இருக்கப் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. கனடாவிலிருந்து மகன், மனம் அமைதியடைய ஒரு செயலியை அனுப்பினான். கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னது. என்னிடம் எண்ணச் சொன்னால் நான் விடுவேனா? நாலு நாள் எண்ணி, நாள்வாரியாகச் சராசரி போட்டு, வெள்ளிக்கிழமை ஏன் கூடியது என்று ஆராயத் தொடங்கினேன். அமைதி வரவில்லை. அட்டவணை வந்தது.

“இஞ்சேருங்கோ, வீட்டுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் நடவாதேங்கோ. கடைக்குப் போய் ஏதும் வாங்கிக்கொண்டு வாங்கோ” என்றாள் மனைவி.

“என்ன வாங்கிறது?”

“என்னத்தையாவது.”

வேறு வழியில்லாமல் குசினிக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கப் பழகினேன். ஒரு பின்னேரம், சுடுதண்ணீர் விட்டு அரிசி மாவைக் குழைத்து முடித்தவள், சட்டிக்குள் பார்த்து ஏதோ சொன்னாள்.

“என்ன முணுமுணுக்கிறீர்?”

“ஒண்டுமில்லை.”

“முப்பத்தாறு எண்டு சொன்னீர்.”

களவு பிடிபட்ட பிள்ளை மாதிரி உரலைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள். பிறகு சொன்னாள்: “மாவைக் குழைச்ச உடனே எத்தினை இடியப்பம் வருமெண்டு எனக்குள்ள சொல்லிப் பாக்கிறனான்.”

“எப்ப இருந்து?”

“கலியாணம் கட்டி வந்த நாளில இருந்து.”

நாற்பது வருடம். ஒரே வீடு, ஒரே சட்டி. “எனக்கு ஏனப்பா ஒரு நாளும் சொல்லேல்லை?”

“உங்களுக்குச் சொன்னா நீங்கள் கொப்பியில எழுதுவியள்.”

நான் பேசாமல் இருந்தேன். மாவைப் பார்த்தேன். சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் சேர்த்துப் பார்த்தேன். “முப்பத்தஞ்சு” என்றேன்.

அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உரலுக்குள் மாவை அடைத்துப் பிழியத் தொடங்கினாள். தட்டில் ஒரு சுற்று, அதன் மேல் ஒரு சுற்று, நடுவில் ஒரு சின்னச் சுழிப்பு. எந்தத் தட்டிலும் நூல் வெளியே தொங்கவில்லை. பத்து. இருபது. நான் வாய்க்குள் எண்ணினேன்; அவள் எண்ணவில்லை. முப்பத்துநாலில் சட்டியை வழித்தாள். முப்பத்தைந்து. உரலுக்குள் இன்னும் கொஞ்சம் மா இருந்தது. கடைசித் தட்டில் பிழிந்தாள். ஒரு சுற்று வந்தது, அடுத்த சுற்று பாதியில் நின்றுவிட்டது.

“முப்பத்தாறு” என்றாள்.

“அது அரைவாசி.”

“அரைவாசி எண்டாலும் இடியப்பம்தானே?”

“அப்பிடிக் கணக்கில எழுத ஏலாது. அரைக்கு மேல எண்டால் உமக்கு, கீழ எண்டால் எனக்கு.”

“அவிச்சுப்போட்டுப் பாப்பம்” என்றாள். அவித்து இறக்கினோம். மேல் தட்டிலிருந்து, மாமி தந்த பழைய சமையல் தராசை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தேன். முதலில் முழு இடியப்பம். முள் ஆடி நின்றது. பார்த்துக்கொண்டோம். பிறகு அந்த அரைவாசியை அவள் இரண்டு விரலால் தூக்கி, நூல் அறாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டில் வைத்தாள். முள் மேலே போனது, கீழே வந்தது, திரும்ப மேலே போனது. இருவரும் குனிந்து நின்றோம். பின்னால் அடுப்பில் சொதி திரையத் தொடங்கியிருந்தது.